மாப்பிள்ளை சஷ்டியும் வாழைக்காய்க் குழம்பும்

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஹிமாத்ரியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். போன வாரம் இந்தத் தொடரில் நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். சொல்ல மாட்டேன் என்பதுதான் சத்தியம். பரிமாற மாட்டேன் என்று நான் எந்தத் தலையிலும் கை வைக்கவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் புருஷன் ஹிமாத்ரிக்கு வயிறு சொன்ன பேச்சு கேட்காது. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, "குடல்ல புண்ணும் இல்ல, கட்டியும் இல்ல. எரிச்சல் குடல்னு பேரு. ஆளைக் கொல்லாது, ஆனா நிம்மதியா இருக்கவும் விடாது" என்றார். அப்படியே ஆயிற்று.

எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் விசாரிப்பது வயிற்றைத்தான். ஆனால் அதிலும் ஜாதி உண்டு. புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல் என்றால் கௌரவமான வியாதி, உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். எழுந்து ஓட வேண்டிய வியாதி என்றால் சிரிப்பார்கள்.

போன வருஷம், மாமியார்கள் மாப்பிள்ளைகளை அழைத்து விருந்து வைக்கும் மாப்பிள்ளை சஷ்டி அன்று, உத்தர்பாடாவில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். என் அக்கா கேதகியின் புருஷன் நீலோத்பல் அத்தான்தான் அந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை. கல்யாணப் பந்தியில் அவர் சாப்பிடுவதைப் பார்க்கவே தனியாகக் கூட்டம் நிற்கும். "வயிறெல்லாம் மனசுல இருக்கு தம்பி" என்று சொல்லி, அக்கா செய்த தேங்காய் உருண்டையை ஹிமாத்ரிக்கு ஊட்டினார். "இதுல பாலே இல்ல, வெறும் தேங்காய்" என்றாள் அக்கா. பால் பட்டால் ஹிமாத்ரிக்கு ஆகாது என்று இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். உருண்டையில் பாதி சுண்டக் காய்ச்சிய பால்.

திரும்பி வந்த லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாது. லிலுவா ஸ்டேஷனுக்கு முன்னால் சிக்னல் விழாமல் வண்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன். அதே பெட்டியில் வந்த அத்தான் எழுதாத குறையாக ஊர் பூராவும் சொன்னார். சொந்தக்காரர் கல்யாணத்தில் சொன்னார், பெரியப்பாவின் காரியத்துக்கு வந்தவர்களிடம் சொன்னார். ஹிமாத்ரிக்கு 'லிலுவா பாபு' என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு முறையும் முதலில் சிரித்தவள் என் அக்கா.

ஹிமாத்ரி வெளியே போவதையே விட்டான். பூஜை விடுமுறைக்கு மலைக்குப் போக எடுத்து வைத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்தான். சிநேகிதனின் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் விழாவுக்குக்கூட வரவில்லை. இருட்டிய பிறகு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "நீ போய்ட்டு வா ஜயீ" என்பான். அந்த 'நீ போய்ட்டு வா'வை நான் மன்னிக்க மாட்டேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தான். நேரத்துக்குத் தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு. வெறும் வயிற்றில் டீ கிடையாது. பால் அடியோடு நின்றது, வெங்காயம் பூண்டு குறைந்தது. ராத்திரி தண்ணீரில் இசப்கோல் உமி, சாப்பிட்டபின் ஓம வாட்டர், சாயங்காலம் கங்கைக் கரையில் நடை. மதியத்துக்கு, நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் இருக்கும் ஹாத்திபாகானில், மானதா அம்மாள் வீடு. கணவர் போனபின் அந்த அம்மாள் வீட்டிலேயே நோயாளிச் சாப்பாடு சமைத்துப் போடுகிறாள். வல்லாரைத் துவையல், நாற்றமடிக்கும் காந்தால் இலைச் சாறு, வாழைக்காய்க் குழம்பு. யார் வருகிறார்கள் என்று வெளியே மூச்சு விட மாட்டாள். அதனாலேயே அங்கே கூட்டம்.

அங்கேதான் போன வாரம் ஹிமாத்ரி அவரைப் பார்த்தான். கூடத்து மூலையில் சம்மணமிட்டு, செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு, வாழைக்காய்க் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார் நீலோத்பல் அத்தான். தை மாதத்திலிருந்து வருகிறாராம். ஹிமாத்ரிக்கு வந்த அதே வியாதி.

எனக்கு அன்று ராத்திரி எவ்வளவு சந்தோஷமாகத் தூக்கம் வந்தது தெரியுமா.

---

இன்று சஷ்டி. ரயிலில் என் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தான் ஹிமாத்ரி.

"முகத்தை அப்படி வெச்சுக்காத ஜயீ."

"எப்படி?"

"சண்டைக்குப் போறவ மாதிரி."

"விருந்துக்குத்தான் போறேன்."

"இங்க பாரு. நீலோத்பல் அண்ணன் விஷயம் அவரோடது. அவரே சொன்னா சொல்லட்டும். என் கதையை ஊர் பூரா சொன்னப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அதை நான் இன்னொருத்தனுக்குச் செய்ய மாட்டேன்."

"நீ நல்லவன். நான் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன்ல, விடு."

லிலுவா வந்தது. போன வருஷத்துக்குப் பிறகு இந்த வழியாக இன்றைக்குத்தான் வருகிறான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தைப் பார்த்தான், பையில் இருந்த ஓம வாட்டர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வண்டி நகர்ந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அம்மா வழக்கம்போல விரதம். இரண்டு மாப்பிள்ளைகளையும் பாயில் உட்கார வைத்து, நெற்றியில் தயிர்ப் பொட்டு வைத்து, மஞ்சள் நூல் கட்டி, அறுகம்புல்லால் தண்ணீர் தெளித்து, பனை விசிறியால் வீசினாள். மாப்பிள்ளை வயிறாரச் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் வாயில் ஒரு பழத்துண்டு போடுவாள். தட்டில் மிச்சம் வைக்கிற மாப்பிள்ளை அவளைப் பட்டினி போட்ட மாதிரி. இது அத்தானுக்கும் தெரியும். ஆள் பாதியாக இளைத்திருந்தார். யாராவது கேட்டால், "ஜிம்முக்குப் போறேன்" என்றார்.

"பரிமாறுறதை நான் பாத்துக்கறேன்மா" என்றேன்.

"எப்பவும் கேதகிதானே பரிமாறுவா."

"இந்த வருஷம் நான்."

சமையலறையில் அக்கா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த இறாலைவிட அவள் கண்தான் சிவப்பாக இருந்தது. நான் உள்ளே போனதும் கதவைக் காலால் சாத்தினாள்.

"ஜயீ, அவருக்கு வேற ஒருத்தி இருக்கா."

நான் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"யாருக்கு, அத்தானுக்கா?"

"என் கையால எதுவும் சாப்பிடறது இல்ல. டிபன் பாக்ஸைக் கொண்டு போய் ஆபீஸ் வாட்ச்மேனுக்குக் குடுத்துடறாரு. காலையில விடியறதுக்கு முன்னாடி பாத்ரூமுக்குப் போயி, குழாயை முழுசாத் திறந்து விட்டுட்டு, மணிக்கணக்கா போன்ல பேசறாரு. சத்தம் எனக்குக் கேக்கக் கூடாதாம்."

குழாயை எதற்குத் திறந்து விடுகிறார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அந்தக் குழாய் ஒரு வருஷம் ஓடியது.

"எதிர் வீட்டு ஷிப்ரா பாத்திருக்கா. ஹாத்திபாகான்ல ஒரு வீட்டுக்குள்ள மத்தியானம் போறாராம். புருஷன் இல்லாத பொம்பள. அவ பக்கத்துல உக்காந்து விசிறி வீசறா, இவரு சாப்பிடறாரு. போட்டுத் தரச் சொல்லி கேட்டு வாங்கிச் சாப்பிடறாராம்." அக்கா முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். "என்கிட்ட கேட்டு வாங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

எங்கள் ஊரில் ஒரு புருஷன் வேறு சமையலறையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான் என்றால் அதற்குமேல் யாருக்கும் சாட்சி வேண்டாம்.

"வயிறு கியிறு சரியில்லையோ என்னவோ" என்றேன். அதுவே சத்தியத்தை மீறிய மாதிரிதான். ஆனாலும் சொன்னேன், கூடப் பிறந்தவள் இல்லையா.

"நானும் அதைத்தான் நினைச்சுப் பாத்தேன். கேட்டா அடிக்க வராரு. 'நான் என்ன லிலுவா பாபுவா'ங்கறாரு." இறாலைத் தண்ணீரில் போட்டு அலசினாள். "அதனால இன்னிக்கு ஒரு முடிவு. அவரு தட்டைப் பாக்கப் போறேன். சாப்பிட முடியாம திணறினார்னா வயித்துலதான் கோளாறு, நான் கையைப் பிடிச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். எல்லாத்தையும் வழிச்சுத் தின்னார்னா, வயிறு நல்லா இருக்கு. என் கைதான் கசக்குது. அப்புறம் அவரோட திரும்பிப் போக மாட்டேன். அம்மாகூட இங்கயே இருந்துடறேன்."

கரண்டியைக் கழுவி மறுபடி எடுத்தேன். இவள் வாழ்க்கை என் கரண்டியில் வந்து நிற்கிறதே என்று நான் பயந்தது உண்மை. கொஞ்சமாகப் பரிமாறுவோம், அவர் திணறட்டும், அக்கா பார்க்கட்டும், அதுவே அவருக்குப் போதும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவோடுதான் கூடத்துக்குப் போனேன், நம்புங்கள்.

---

அத்தான் தட்டைச் சுற்றிக் கிண்ணங்கள். மைதாப் பூரி மாதிரி லூச்சி, கடலைப்பருப்பு, கடுகு அரைத்த ஹில்சா மீன், தேங்காய்ப்பால் இறால், எண்ணெய் மிதக்கும் ஆட்டுக்கறி. ஹிமாத்ரியின் தட்டில் குழைந்த சோறும் ஒரே ஒரு கிண்ணமும். வாழைக்காய், பப்பாளிக்காய், கெளுத்தி மீன் போட்டு, இஞ்சியும் சீரகமும் மட்டும் அரைத்துவிட்ட மஞ்சள் குழம்பு. அவனே காலையில் அம்மாவிடம் கூச்சப்படாமல் கேட்டுச் செய்யச் சொன்னான்.

அந்தக் கிண்ணத்தை அத்தான் பார்த்த பார்வை இருக்கிறதே, பார்த்துக்கொண்டே எச்சில் விழுங்கினார். அப்போது எனக்கே பாவமாக இருந்தது. இறாலில் பாதிக் கரண்டிதான் எடுத்தேன்.

அக்கா வாசற்படியில் நின்றாள். அத்தான் அவளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன தம்பி, இன்னும் ஆஸ்பத்திரிச் சாப்பாடுதானா?" என்றார் ஹிமாத்ரியிடம். "வண்டி இன்னும் லிலுவாவைத் தாண்டலையா?"

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். வாசலில் அக்காவும் சிரித்தாள், அழுத கண்ணோடு, பழக்கதோஷத்தில். ஹிமாத்ரி தலையைக் குனிந்து, சோற்றை மெதுவாக மென்றான்.

நான் கரண்டியை நிறைத்தேன்.

"சாப்பிடுங்க அத்தான்."

"போதும் ஜயீ."

"என்ன போதும்? போன வருஷம் சட்டியை வழிச்ச ஆளு நீங்க."

"வெயில் ஜாஸ்தி. பசியில்ல."

விசிறியை நிறுத்தினாள் அம்மா. "சமையல் வாய்க்கு நல்லா இல்லையா மாப்பிள்ளை?"

"ஐயோ, பிரமாதம்மா." ஒரு இறாலை வாயில் போட்டார். நான் கறியைப் போட்டேன். அவர் மீன் துண்டைச் சோற்றுக்கு அடியில் தள்ளினார். நான் குனிந்து, அவர் காதுக்குக் கேட்கிற மாதிரி மட்டும் சொன்னேன்.

"வயிறெல்லாம் மனசுல இருக்கு அத்தான்."

அவர் கை நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், பிறகு ஹிமாத்ரியைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நெற்றியில் தயிர்ப் பொட்டு வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது.

"அந்த வாழைக்காய்க் குழம்பு..." என்றார், சாதாரணமாகக் கேட்பதுபோல. "ருசிக்குக் கொஞ்சம் ஊத்தேன்."

இங்கேதான் நான் நிறுத்தியிருக்கலாம். ஒரு கரண்டி ஊற்றியிருந்தால் அக்கா புரிந்துகொண்டிருப்பாள். நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அது வயித்துக்காரங்க சாப்பாடு அத்தான். உங்களுக்கு எதுக்கு?"

"ஜயீ" என்றான் ஹிமாத்ரி. அவ்வளவுதான் சொன்னான்.

அத்தான் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அதானே. எனக்கு எதுக்கு? சும்மா கேட்டேன்."

அதன்பின் அவர் சாப்பிட்டார் பாருங்கள். ஹில்சாவை முள்ளோடு போராடித் தின்றார், கறியைத் தின்றார், லூச்சியால் கிண்ணத்தைத் துடைத்தார். பாயசம் போட்டேன், குடித்தார். இனிப்புத் தயிர் போட்டேன், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். சந்தேஷை நானே கையில் எடுத்து நீட்டினேன். "பாலே இல்ல அத்தான்" என்றேன். பாலைத் திரித்து எடுத்த பன்னீரில் செய்த இனிப்பு அது, குழந்தைக்கும் தெரியும். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு இனித்தது. ஒரு வருஷமாக ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த என் புருஷனுக்காக ஒவ்வொரு கரண்டியையும் போட்டேன். போட்டதில் ஒன்றுக்கும் எனக்கு வருத்தமில்லை.

தட்டு துடைத்து வைத்த மாதிரி காலி. அம்மா முகமெல்லாம் மலர்ந்து, "என் வயிறு நிறைஞ்சுடுச்சு" என்றாள்.

வாசற்படியில் அக்கா இல்லை.

---

கை கழுவப் போன அத்தான் அப்படியே பின்கட்டுக் கழிப்பறைக்கு ஓடினார். கதவு படாரென்று சாத்தியது. அடுத்த நொடி குழாய் திறந்தது, முழு வேகத்தில்.

அக்கா சமையலறையிலிருந்து வந்து கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மா நறுக்கிய பழத்தட்டோடு அவளுக்கு எதிரே இருந்தாள்.

"கேக்குதா?" என்றாள் அக்கா. "நான் பொறந்து வளர்ந்த வீட்டுக்கே வந்து, என் அம்மா போட்ட சோத்தைத் தின்னுட்டு, அவகூடப் பேசறாரு."

"எவகூட?" என்றாள் அம்மா.

அக்கா சொன்னாள். ஷிப்ரா, ஹாத்திபாகான், விசிறி, எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கையில் எடுத்த பழத்துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். பின்கட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி ஓடியது. ஹிமாத்ரி எழுந்து போய்ப் பையிலிருந்து ஓம வாட்டர் பாட்டிலை எடுத்து, கழிப்பறைக்கு வெளியே ஜன்னல் விளிம்பில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தான். அதை நான் மட்டும்தான் பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது.

அத்தான் வெளியே வந்தபோது முகம் வெளுத்து, சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போன்ல பேசி முடிச்சாச்சா?" என்றாள் அக்கா.

"என்ன போன்?"

"ஹாத்திபாகான். தினமும் மத்தியானம். ஷிப்ரா பாத்துட்டா. அம்மா முன்னாடி கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. யாரு அவ?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அவர் கண் கடைசியாக ஹிமாத்ரியிடம் வந்து நின்றது. எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. சொல்லுடா, உன் வாயாலேயே சொல்லு, 'நானும் லிலுவா பாபுதான்' என்று சொல்லு, அதைக் கேட்கத்தானே இத்தனை கரண்டி போட்டேன்.

ஹிமாத்ரி மெதுவாகச் சொன்னான்: "சொல்லிடுங்க அண்ணா. ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல, ஒண்ணும் ஆகாது."

அத்தானின் உதடு அசைந்தது. வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டார். யாரும் பார்க்காததுபோல அழுத்தினார். பிறகு நிமிர்ந்தார்.

"ஆமா," என்றார். "ஒருத்தி இருக்கா."

அம்மாவின் விசிறி கீழே விழுந்தது. நான் திகைத்துப் போனேன். அந்த மனுஷன் பெண்டாட்டியை இழக்கத் தயார், வயிற்றை ஒப்புக்கொள்ளத் தயாரில்லை.

"அண்ணா, வேணாம்" என்று எழுந்தான் ஹிமாத்ரி. அத்தான் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினார், கெஞ்சுகிற மாதிரி. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஹிமாத்ரியிடம் ஒன்று கேட்டார். ஹிமாத்ரி வாயை மூடிக்கொண்டான்.

அக்கா அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஹாத்திபாகான் பள்ளிக்கூடத்துலதானே வேலை பாக்கற. உன் காதுல எதாவது விழுந்துச்சா? உண்மையைச் சொல்லு ஜயீ. நீ என்ன சொன்னாலும் நம்பறேன்."

ஒரு வார்த்தை போதும். வாழைக்காய் என்று சொன்னால்கூடப் போதும். அத்தான் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். ஹிமாத்ரி என்னையே பார்த்தான். என் சத்தியத்திலிருந்து அவன் என்னை அப்போதே விடுவித்துவிட்டான், அவன் கண்ணில் தெரிந்தது. எனக்கோ 'பாலே இல்ல' என்று சொல்லிச் சிரித்த என் அக்காவின் பழைய முகம்தான் தெரிந்தது.

"விழுந்துச்சுக்கா" என்றேன். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இருந்தேன்."

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா பின்னாலேயே ஓடினாள்.

ஹிமாத்ரி என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். கூடத்தைக் கடந்து போய், நீலோத்பல் அத்தானுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.